புல்லில் இல்லாதது ட்ரம்மில் வராது

போன இதழில் ஊறுகாய்ப்புல்லைப் பற்றி, அதாவது பச்சைப் புல்லைக் காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைத்து மாட்டுக்குப் போடுகிறோமே, எல்லோரும் சைலேஜ் என்று சொல்கிறோமே, அதைப் பற்றி, போகிறபோக்கில் நாலு வரி எழுதிவிட்டேன். அதற்கு மாதவரத்திலிருந்து மீஞ்சூர் வரை இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டால் யாருக்காவது உதவும் என்பதால் இந்த முறை முழுக்க அதுதான்.

மணலி புதுநகரிலிருந்து ஒரு வாசகர்: நாலு கறவை மாடு வைத்திருக்கிறேன். பொன்னேரி பக்கம் தெரிந்தவர் நிலத்தில் கோ-4 என்கிற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் கிடைத்தது. அறுத்த அன்றைக்கே மெஷினில் வெட்டி, ஆறு நீல ட்ரம்மில் மிதித்து அடைத்து மூடினேன். முப்பதாம் நாள் திறந்தால் நாற்றம் தாங்கவில்லை, அடியில் கறுப்பாகத் தண்ணீர் நிற்கிறது. மாடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. காற்றே போகாமல்தானே மூடினேன், எங்கே தப்பு?

அண்ணே, காற்றை விரட்டினீர்கள், தண்ணீரை விரட்டவில்லை. தப்பு அங்கேதான்.

45 நாளில் அறுத்த கோ-4 புல்லில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். சைலேஜுக்கு வேண்டியது 65, மிஞ்சினால் 70. ட்ரம்முக்குள் நடப்பது நம் வீட்டு இட்லி மாவு புளிக்கிற கதைதான். காற்று இல்லாத இடத்தில் லாக்டிக் அமில பாக்டீரியா புல்லில் உள்ள சர்க்கரையைத் தின்று புளிப்பை உண்டாக்கும், பிஹெச் (புளிப்பு ஏற ஏற இறங்குகிற அளவு) நாலையொட்டி இறங்கிவிட்டால் அழுகவைக்கிற மற்ற கிருமிகள் தலையெடுக்க முடியாது, புல் அப்படியே நிற்கும். தண்ணீர் அதிகமாக இருந்தால் இந்தப் புளிப்பு நீர்த்துப்போகிறது. அதிலும் கம்பு நேப்பியர் வகைப் புல்லில் சர்க்கரையே கம்மி, மக்காச்சோளம் மாதிரி தாராளம் கிடையாது. புளிப்பு ஏறாமல் இழுத்துக்கொண்டே போனால், அறுக்கும்போது மண்ணோடு ஒட்டிவந்த குளோஸ்ட்ரிடியம் என்கிற இன்னொரு கூட்டம் உள்ளே புகுந்து, கஷ்டப்பட்டு உண்டான லாக்டிக் அமிலத்தையே தின்று ப்யூட்ரிக் அமிலமாக மாற்றும், புரதத்தை உடைத்து அம்மோனியா ஆக்கும். சிக்கு வாடை அடிக்கிற பழைய வெண்ணெயும் சாக்கடையும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம் வந்திருக்குமே, அது இந்த இரண்டும்தான்.

அடியில் நின்ற கறுப்புத் தண்ணீரைக் கழிவு என்று கொட்டியிருப்பீர்கள். அது கழிவே இல்லை. கரையக்கூடிய சர்க்கரை, கரையக்கூடிய புரதம், தாது உப்பு என்று புல்லிலேயே சீக்கிரம் செரிக்கிற பங்கு எதுவோ அதுதான் முதலில் வடிந்து போகிறது. மேலே மிச்சம் நிற்பது பெரும்பாலும் நார்.

என் முதல் ட்ரம்மும் இப்படித்தான் போனது. மூடியைத் திறந்து கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தேன், அவ்வளவுதான். மூன்று முறை சோப்பு போட்டும் மறுநாள் காலையில் காபி டம்ளரைத் தூக்கும்போது விரலில் அந்த வாடை. வீட்டில் இரண்டு நாள் எனக்குத் தனியாகத் திண்ணையில்தான் சோறு.

அப்புறம் நான் பழகிக்கொண்ட கணக்கு இது. அறுத்ததும் சரியாக 10 கிலோ புல்லைத் தனிக் கட்டாகக் கட்டி அடையாளம் வையுங்கள். மீதிப் புல்லோடு சேர்த்து வெயிலில் பரப்புங்கள். அந்தக் கட்டைப் பிரித்துப் பரப்பியதை மறுபடி எடைபோட்டால் 6 கிலோ வருகிற நேரம்தான் ட்ரம்மில் போடுகிற நேரம். தண்ணீர் போக மிஞ்சுகிற காய்ந்த பொருள் 18 சதவீதம் இருந்தது 30 ஆகிவிடும், கணக்கு அவ்வளவுதான். நல்ல வெயிலில் அரை நாளில் இருந்து ஒரு நாள் ஆகும். கோ-4 தண்டு தடிமன் என்பதால் வெட்டிவிட்டுத் தார்ப்பாயில் பரப்பினால் சீக்கிரம் வாடும். இரண்டு நாள் மூன்று நாள் போடக்கூடாது, அறுத்த புல்லும் மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கும், அந்த மூச்சுக்கு எரிவது நமக்கு வேண்டிய சர்க்கரை.

தராசு இல்லையென்றால் கை இருக்கிறது. வெட்டிய புல்லை ஒரு பிடி அள்ளி அரை நிமிடம் இறுக்கிப் பிடித்து விடுங்கள். விரலிடுக்கில் சாறு வடிந்தால் இன்னும் ஈரம். கை லேசாக நனைந்து, உருண்டை மெதுவாக விரிந்தால் சரி. விட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது, அதை எவ்வளவு மிதித்தாலும் காற்று உள்ளே நிற்கும்.

மழை பிடித்துக்கொண்டால் வாடவைக்க முடியாது. அப்போது 100 கிலோ பச்சைப் புல்லுக்குப் பொடியாக வெட்டிய காய்ந்த வைக்கோல் 20 கிலோ கலந்தால் ஈரம் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வந்துவிடும், சாறும் வைக்கோலில் ஊறி நிற்கும். ஆனால் வைக்கோலில் புரதம் மூன்று நாலு சதவீதம்தான், அதனால் கலவையின் சத்து அந்த அளவுக்குக் குறையும் என்று தெரிந்தே செய்யுங்கள்.

இப்போது கையில் இருக்கிற ஆறு ட்ரம்மையும் குப்பைக்குழிக்குத் தள்ளிவிடுங்கள். மனசு வராதுதான். ஆனால் ப்யூட்ரிக் அமிலம் ஏறிய தீவனம், அதுவும் கன்று போட்டுக் கொஞ்ச நாளே ஆன மாட்டுக்குக் கொடுத்தால் கீட்டோசிஸ் என்கிற, ரத்தத்தில் கீட்டோன் ஏறுகிற நோய் வந்து வைத்தியச் செலவு ட்ரம் விலையைத் தாண்டும்.

புழலிலிருந்து ஒரு வாசகர்: என் சைலேஜ் நாறவில்லை, மாடும் விரும்பித் தின்கிறது. பரிசோதனைக்குக் கொடுத்ததில் புரதம் 9 சதவீதம் என்று வந்தது, பச்சைப் புல்லிலும் அதே 9தான். ஆனாலும் பச்சைப் புல் போட்டபோது கிடைத்த பால் இப்போது இல்லை. ரிப்போர்ட் தப்பா?

ரிப்போர்ட் தப்பில்லை தம்பி, அது சொல்வதை நாம் தப்பாகப் படிக்கிறோம். பரிசோதனைக்கூடத்தில் புரதத்தை நேராக எடைபோடுவதில்லை. தீவனத்தில் எவ்வளவு நைட்ரஜன் என்று பார்த்து அதை 6.25ஆல் பெருக்கிச் சொல்கிறார்கள், அதற்குப் பெயரே கச்சாப் புரதம். உண்மையான புரதமாக இருந்தாலும், உடைந்து அம்மோனியாவாகக் கிடந்தாலும் அந்தக் கணக்கில் இரண்டும் ஒன்று. மாட்டின் வயிற்றில் ஒன்றில்லை. சைலேஜில் புல்லின் புரதத்தில் ஒரு பெரிய பங்கு எப்படியும் உடையத்தான் செய்யும், புளிப்பு சீக்கிரம் ஏறினால் உடைவது குறையும், மெதுவாக ஏறினால் கூடும். உடைந்ததை முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் பயன்படுத்திக்கொள்ளும், ஆனால் அதற்கு அதே நேரத்தில் சர்க்கரையோ மாவுச்சத்தோ வேண்டும். அந்தச் சர்க்கரையைத்தான் ட்ரம்மிலேயே பாக்டீரியா தின்றுவிட்டதே! அதனால் சைலேஜோடு மக்காச்சோள மாவோ தவிடோ கொஞ்சம் சேர்த்தால் பால் திரும்ப வர வாய்ப்புண்டு. அடுத்த முறை கொடுக்கும்போது மொத்த நைட்ரஜனில் அம்மோனியா நைட்ரஜன் எவ்வளவு என்றும் பார்க்கச் சொல்லுங்கள், 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல சைலேஜ். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக்கூடம் இருக்கிறது. இங்கே மாதவரம் பால் காலனியிலேயே கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் சைலேஜ் பழுப்பாக, புகையிலை மாதிரியோ தீய்ந்த வெல்லப்பாகு மாதிரியோ வாசனை அடிக்கிறதா? மாடு அதை ஆசையாகத் தின்னும், நாமும் நல்ல வாசனை என்று ஏமாந்துவிடுவோம். மூன்று நாலு நாள் இழுத்து இழுத்து நிரப்பினாலோ சரியாக மிதிக்காவிட்டாலோ உள்ளே காற்று நின்று சூடேறும், 40 டிகிரிக்கு மேல் போய் அப்படியே நின்றால் புரதமும் சர்க்கரையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அதை மாட்டால் பிரிக்க முடியாது. வாயில் போன புரதம் சாணியில் வந்துவிடும். ரிப்போர்ட்டில் மட்டும் 9 சதவீதம் என்று கம்பீரமாக நிற்கும்.

கடைசியாக, எத்தனை நாள் புல்லை அறுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. 45 நாளில் அறுக்க வேண்டியதை 70 நாளுக்கு விட்டு, ஆள் உயரம் தாண்டிய பிறகு எடை கூட வருகிறது என்று அறுத்தால் புரதம் இறங்கி, தண்டு விறகாகியிருக்கும். புளிக்கவைத்தால் நார் மிருதுவாகும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. நன்றாகப் போட்ட சைலேஜிலும் காய்ந்த பொருளில் பத்தில் ஒரு பங்கு போய்விடும், மோசமாகப் போட்டால் நாலில் ஒரு பங்குகூடப் போகும். உள்ளே போனதைவிட நல்லதாக வெளியே எதுவும் வந்து நான் பார்த்ததில்லை.

வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகி: ஒருவர் உப்புப் போடச் சொல்கிறார், ஒருவர் வெல்லம் கரைத்து ஊற்றச் சொல்கிறார், யூரியா கட்டாயம் என்கிறார் இன்னொருவர். பக்கத்து வீட்டு அம்மா தயிர் ஊற்றச் சொன்னார். எதைத்தான் போடுவது?

நாலு பேரும் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார்கள் அக்கா, ஆனால் நாலும் நாலு வேலை.

வெல்லம் சொன்னவர் கிட்டத்தட்ட சரி. சர்க்கரை குறைந்த புல்லுக்குச் சர்க்கரை கொடுப்பது நியாயம். வெல்லம் விலைக்குக் கட்டாது, மாட்டுத்தீவனக் கடையில் மொலாசஸ், அதாவது சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு கிடைக்கும். 100 கிலோ புல்லுக்கு 2 கிலோவில் இருந்து 3 கிலோ வரை, அதே அளவு தண்ணீரில் கரைத்து, ஒரு சாண் உயரத்துக்கு ஒரு தரம் தெளித்துத் தெளித்து மிதியுங்கள். ஒரேயடியாக மேலே ஊற்றினால் நேராக அடிக்குப் போய்விடும்.

உப்பு அரை கிலோ, ஒரு கிலோ போடுவதால் கெடுதல் இல்லை, மாடு ருசியாகத் தின்னும். அதை நம்பி மிதிப்பதில் சோம்பல் காட்டக்கூடாது.

யூரியா வேறு கதை, இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து மூன்று வாரம் மூடிவைக்கிற முறை ஒன்று உண்டு, அது வைக்கோலுக்கு. அங்கே யூரியா அம்மோனியாவாகி வைக்கோலின் நாரை இளக்கும், நைட்ரஜனும் கூடும். அது காரம். சைலேஜ் புளிப்பு. பச்சைப் புல் ட்ரம்மில் யூரியாவைப் போட்டால் உண்டாகிற புளிப்பையெல்லாம் அந்த அம்மோனியா அடித்துவிடும். ஆகவே புல்லுக்கு வேண்டாம், அதுவும் கன்றுக்குட்டி இருக்கிற வீட்டில் யூரியா மூட்டையைக் கண்ட இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

தயிர் யோசனை எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் தயிரில் இருப்பது பாலில் வாழப் பழகிய கிருமி. புல்லுக்கென்றே லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்கிற பாக்டீரியாவைப் பொடியாக விற்கிறார்கள், அது சர்க்கரையை வீணாக்காமல் வேகமாகப் புளிக்கவைக்கும், புரதம் உடைவதும் குறையும். ஆனால் புல்லில் சர்க்கரையே இல்லையென்றால் அது எதைத் தின்னும்? அதனால் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் மொலாசஸ் வாங்குங்கள்.

நேராக அமிலத்தையே ஊற்றுகிற ஆட்களும் உண்டு. பின்லாந்தில் வெயிலை நம்பிப் புல்லை வாடவைக்க முடியாது; அங்கே ஆர்த்துரி விர்ட்டானன் என்கிற வேதியியலாளர் பச்சைப் புல்லில் அமிலம் தெளித்து உடனே பிஹெச்சை நாலுக்குக் கீழே இறக்கிவிட்டால் புரதம் உடையாமல் நிற்கும் என்று கண்டுபிடித்தார். 1945இல் அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசே கொடுத்தார்கள். மாட்டுத்தீவனத்தைக் காப்பாற்றியதற்கு நோபல்! இன்றைக்கும் குளிர்நாடுகளில் ஃபார்மிக் அமிலம் தெளிக்கிறார்கள். நமக்கு அது வேண்டாம், கையில் பட்டால் தோல் வெந்துவிடும், நமக்குத்தான் இலவசமாக வெயில் இருக்கிறதே.

மீஞ்சூரிலிருந்து ஒரு வாசகர்: இவ்வளவு வம்பு எதற்கு, பேசாமல் காயவைத்து அடுக்கிவிட்டால் என்ன? சத்து எதில் அதிகம் நிற்கும்?

காயவைக்கலாம், எந்தப் புல், எந்த மாதம் என்பதைப் பொறுத்து. கொழுக்கட்டைப்புல் மாதிரி மெல்லிய தண்டுப் புல்லைச் சித்திரை வெயிலில் காயவைத்து ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் அருமையான தீவனம், புரதமும் சைலேஜில் உடைகிற மாதிரி உடையாது. தடித்த கோ-4 காயாது, வெளியே காய்ந்து உள்ளே பூஞ்சை பிடிக்கும். வெயிலில் காய்ந்த புல்லில் வைட்டமின் டி கூடும். ஆனால் பச்சை நிறம் போவது போலவே கரோட்டினும் போய்விடும், அதிலிருந்துதான் மாடு வைட்டமின் ஏ எடுத்துக்கொள்கிறது, சினை பிடிப்பதற்கும் அது வேண்டும். நல்ல சைலேஜில் கரோட்டின் பெருமளவு நிற்கும். வேலிமசால் என்கிற பயறுவகைத் தீவனத்தைக் காயவைத்தால் இன்னொரு தொல்லை, இலை மொறுமொறுவென்று ஆகி எடுக்கும்போதே உதிர்ந்துவிடும், புரதம் இருப்பது இலையில், நாம் வீட்டுக்குக் கொண்டுவருவது குச்சியை. அதை நிழலில், கீழே துணி விரித்துக் காயவையுங்கள். இல்லையென்றால் மூன்று பங்கு சோளத்தட்டையோடு ஒரு பங்கு வேலிமசால் கலந்து சைலேஜ் போடுங்கள், பயறுவகைத் தழை தனியாக லேசில் புளிக்காது.

உங்கள் ஊருக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். எண்ணூர்க் கடற்காற்று வீசுகிற இடத்தில் காய்ந்த புல்லை மூடாமல் அடுக்கினால் ராத்திரி ஈரத்தை அப்படியே இழுத்துக்கொள்ளும். நடுவில் கையை விட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் உடனே பிரித்துப் போட்டுவிடுங்கள்.

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகி: கடையில் மக்காச்சோள சைலேஜ் மூட்டை வாங்கினேன். முதல் நாள் நல்ல வாசனை. மூன்றாம் நாள் கை வைத்தால் சுடுகிறது, ஓரத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. பூத்ததை எடுத்துப்போட்டுவிட்டு மீதியைக் கொடுக்கலாமா?

வேண்டாம். மூட்டையைத் திறந்தவுடன் காற்று பட்டதும் ஈஸ்ட் முழித்துக்கொண்டு லாக்டிக் அமிலத்தைத் தின்ன ஆரம்பிக்கும், அந்தச் சூடுதான் உங்கள் கையில் பட்டது. மாட்டுக்குப் போக வேண்டிய எரிசத்து காற்றில் சூடாகப் போகிறது. புளிப்பு குறைந்ததும் பூஞ்சை வரும். பூத்தது கண்ணுக்குத் தெரியும், அதன் நஞ்சு தெரியாது. அப்படி ஒரு பூஞ்சை நஞ்சான அஃப்ளாடாக்ஸின் மாட்டின் வழியாகப் பாலுக்கே வந்துவிடும், காய்ச்சினாலும் போகாது. பாலில் அதற்கு நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான், எவ்வளவு சின்ன அளவு என்று பாருங்கள்.

இனிமேல் வாங்கும்போது மூட்டையைச் சுற்றிப் பாருங்கள், எலி கடித்த ஓட்டையோ காக்கை கொத்திய கிழிசலோ இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நம் பக்கத்து எலிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திறந்த மூட்டை இரண்டு நாளில் தீர வேண்டும், எடுத்ததும் வாயை இறுக்கிக் கட்டி நிழலில் வையுங்கள். வீட்டில் போடுகிறவர்களுக்கு நான் பெரிய குழியைவிட ட்ரம்மைச் சொல்வதும் இதற்காகத்தான். நாலு மாட்டுக்கு ஆளுக்கு 15 கிலோ என்றால் நாளைக்கு 60 கிலோ, ஒரு ட்ரம் இரண்டு நாளில் காலி.

செங்குன்றத்திலிருந்து ஒரு வாசகர்: குழி வெட்டலாமா?

ஏரிப் பக்கம் குழி வெட்டினால் கார்த்திகையில் கிணறாகிவிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று உங்கள் சுவரைப் பார்த்தாலே தெரியும், அதற்கு மேலே மேடை கட்டி ட்ரம்மை வையுங்கள். மீறிக் குழி போட்டால், மூடிய முதல் மூன்று வாரம் யாரும் உள்ளே இறங்கக்கூடாது. பழுப்பு நிறத்தில் நைட்ரஜன் டை ஆக்சைடு கிளம்பும், நிறமே இல்லாமல் கரியமில வாயுவும் அடியில் தேங்கும். இரண்டுமே ஆளைக் கொல்லும்.

கொடுங்கையூரிலிருந்து ஒரு வாசகர்: கால்வாய் ஓரத்தில் புல் தளதளவென்று நிற்கிறது, ஆகாயத்தாமரையும் இருக்கிறது. அப்படியே கொடுத்தால்தான் ஆபத்து, சைலேஜ் போட்டால் விஷம் முறிந்துவிடும் என்கிறார்களே?

இளம் சோளப்பயிரில் உள்ள சயனைடு மாதிரியான நஞ்சு சைலேஜில் ஓரளவு குறையும், அதை வைத்துக் கிளம்பிய பேச்சு இது. ஈயம், காட்மியம் எல்லாம் எந்தப் பாக்டீரியாவும் தின்று தீர்க்காது, போட்டது போட்டபடி இருக்கும். ஆகாயத்தாமரை முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர், அதோடு அந்த மாதிரி உலோகங்களை இழுத்து வைத்துக்கொள்கிற செடி. இரண்டையும் தொடாதீர்கள்.

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி: ஒரு வாரமாகச் சைலேஜ் போடுகிறேன். பால் ஊற்றுகிற டீக்கடையில் பாலில் புளிச்ச வாடை அடிக்கிறது என்று நேற்று திருப்பி அனுப்பிவிட்டார். நான் தண்ணீர்கூடக் கலப்பதில்லை. சைலேஜ்தான் காரணமா?

சைலேஜ்தான், ஆனால் உள்ளே இருக்கிற சத்தால் இல்லை, நீங்கள் போடுகிற நேரத்தால். கறக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது போட்டால் அந்த வாசனை மாட்டின் மூச்சு வழியாகவும் வயிற்று வழியாகவும் ரத்தத்துக்குப் போய்ப் பாலில் இறங்கிவிடும். கறந்து முடித்த கையோடு போடுங்கள், அடுத்த வேளை கறப்பதற்குள் அடங்கிவிடும். எடுத்தவுடன் 20 கிலோ கொட்டாமல் 5 கிலோவில் ஆரம்பித்துப் பத்து நாளில் ஏற்றுங்கள். பால் கேனைத் திறந்த ட்ரம் பக்கத்தில் வைக்காதீர்கள், கறந்த கையைக் கழுவாமல் தீவனம் அள்ளி அதே கையோடு அடுத்த மாட்டின் மடியைத் தொடாதீர்கள். டீக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம் அக்கா, அவர் மூக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது.